கிரேடு 7 பையன், வாசிப்பு ஏறவில்லை: எஸ்.என்.ஏ 1 ஃபார்மில் கையெழுத்துப் போடலாமா?

மிட்ராண்ட்_அம்மா | செவ்வாய், இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து தென்னாப்பிரிக்கா வந்து இரண்டரை வருடம் ஆகிறது. பையனை இங்கே கிரேடு 5-இல் சேர்த்தோம், இப்போது கிரேடு 7. போன வருடம் வரை ஆறு பாடம். தட்டுத்தடுமாறி ஓட்டிவிட்டான். இந்த வருடம் ஒன்பது பாடம். முதல் டேர்ம் ரிப்போர்ட்டில் இங்கிலீஷ் 43, ஆஃப்ரிகான்ஸ் 22, கணக்கு 38. இங்கிலீஷைத்தான் ஹோம் லாங்குவேஜாக, அதாவது முதல் மொழியாக எடுத்திருக்கிறான், தேற அதில் 50 வாங்க வேண்டுமாம்.

வகுப்பு டீச்சர் கூப்பிட்டு, ‘படிப்பில் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு எஸ்.என்.ஏ 1 என்று ஒரு ஃபார்ம் இருக்கிறது, அதை நிரப்பப் போகிறேன், நீங்களும் உங்கள் பங்கை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்’ என்றார். வீட்டுக்காரர் ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். ‘ஃபைலில் ஏறிவிட்டால் அப்புறம் காலத்துக்கும் அழியாது, ஸ்பெஷல் ஸ்கூலுக்குத் தள்ளிவிடுவார்கள்’ என்று பயப்படுகிறார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். போன சனிக்கிழமை சயின்ஸ் ஒர்க்‌ஷீட்டை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, ‘கொண்டா, நான் வாசிக்கிறேன்’ என்று ஒவ்வொரு கேள்வியாகச் சத்தமாக வாசித்தேன். பீன்ஸ் தீரும் முன்னால் ஏழு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டான். ஏழும் சரி. அதே தாளை அவனாக வாசித்தால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் தாத்தா பேப்பர் தலைப்பை வாசிக்கச் சொல்வார். அந்த நேரம் பார்த்துத்தான் அவனுக்குப் பாத்ரூம் வரும். ரொம்ப நாள் அதைக் குறும்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போடலாமா?

லினக்ஸ்_மாமா | செவ்வாய், இரவு 10.52

சகோதரி, பதற வேண்டாம். ஊர் மாறி, பள்ளி மாறி, நடுவில் ஆஃப்ரிகான்ஸ் என்று ஒரு புது மொழி. எந்தப் பிள்ளைக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும். இப்போதெல்லாம் மார்க் குறைந்தாலே ஒரு வியாதிப் பெயர் வைத்துவிடுகிறார்கள். நான் கிரேடு 7 வயதில் மூன்று பாடத்தில் ஃபெயில், இன்று சென்சூரியனில் நல்ல வேலையில் இருக்கிறேன்.

வாரம் மூன்று நாள் நல்ல ட்யூஷன், ஃபோனைப் பிடுங்கி வையுங்கள். ஆறு மாதம் பாருங்கள். ஃபார்ம் எங்கும் ஓடிவிடாது.

பைன்டவுன்_67 | புதன், காலை 6.30

வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் உறவில் ஒரு பெண்ணைப் பள்ளியில் எல்லோர் முன்னாலும் ‘சப்போர்ட் க்ளாஸ் பிள்ளை’ என்று கூப்பிட்டே அழ வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டால் போகாது.

சாட்ஸ்வொர்த்_டீச்சர் | புதன், மாலை 4.10

வணக்கம் மகளே. நான் டர்பனில் பிறந்தவள், பெரியவளான பிறகுதான் தமிழ் எழுதக் கற்றேன், பிழை இருந்தால் தள்ளிவிட்டுப் படிக்கவும். முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியை. அதில் கடைசிப் பத்து வருடம் பள்ளியின் ஆதரவுக் குழுவில் இருந்தேன். இந்த ஃபார்ம்களை எழுதி எழுதியே என் விரல் தேய்ந்தது.

முதலில் அந்த ஃபார்ம் என்ன என்று பார்ப்போம். 2001-இல் அரசு ஒயிட் பேப்பர் 6 என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. தடுமாறும் பிள்ளையைத் தனிப் பள்ளிக்கு ஒதுக்காமல், முடிந்தவரை இருக்கும் பள்ளியிலேயே வைத்து உதவ வேண்டும் என்பது அதன் சாரம். அதை வகுப்பறையில் எப்படிச் செய்வது என்று சொல்லும் கொள்கை 2014-இல் வந்தது. சயாஸ் என்று சொல்வோம். எஸ்.என்.ஏ ஃபார்ம்கள் அதன் பகுதிதான்.

எஸ்.என்.ஏ 1 நோய்ச் சான்றிதழ் இல்லை, வகுப்பு டீச்சர் எழுதும் குறிப்பு. பிள்ளைக்கு எதில் பலம், எங்கே தடுமாற்றம், அதற்கு நான் வகுப்பில் என்னென்ன செய்து பார்த்தேன், எது பலித்தது என்று அவர் எழுத வேண்டும். பெற்றோர் சொல்வதையும் கேட்டு எழுத வேண்டும். அது போதவில்லை என்றால்தான் எஸ்.என்.ஏ 2. அங்கே பள்ளிக் குழு உட்கார்ந்து, பிள்ளைக்கென்று ஒரு ஆதரவுத் திட்டம் எழுதும். அதுவும் போதாதபோதுதான் எஸ்.என்.ஏ 3, மாவட்டக் குழுவுக்குப் போகும். ஸ்பெஷல் ஸ்கூல் என்ற பேச்சே மூன்றாவது படியில்தான் வர முடியும். அந்தப் பள்ளிகளில் இடம் கிடைக்காமல் வரிசையில் நிற்கிறார்கள் மகளே, யாரும் உங்கள் பையனை இழுத்துக்கொண்டு போகக் காத்திருக்கவில்லை.

பைன்டவுன் தம்பி சொன்ன அவமானம் உண்மைதான். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அது டீச்சரின் வாயிலிருந்து வருவது. ஃபார்மே இல்லாத காலத்திலும் ‘மக்கு’ என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்னொன்று, அவசரமானது. உங்கள் பள்ளி கிரேடு 7 வரைதானா? அப்படியென்றால் ஜனவரியில் ஹை ஸ்கூல். இவனை அறிந்த டீச்சர் ஒருவரும் அங்கே இருக்க மாட்டார்கள், கூடப் போவது அந்த ஃபைல் ஒன்றுதான். ஃபைலில் ஒன்றும் இல்லையென்றால் புது டீச்சர் கண்ணுக்கு அவன் வெறும் 43 மார்க் பையன்.

பிரிட்டோரியா_அப்பா | புதன், இரவு 8.45

டீச்சரம்மா சொன்னதை நான் பணம் கட்டிக் கற்றுக்கொண்டேன், அதனால் எழுதுகிறேன்.

என் மகள் இப்போது கிரேடு 11. கிரேடு 6-இல் தெரிய ஆரம்பித்தது. எங்களுக்கும் இதே கூச்சம், பள்ளிக்குத் தெரியாமல் வெளியே பார்ப்போம் என்று போனோம். முதலில் ஒருவர் கலர் கண்ணாடி விற்றார். எழுத்து நடுங்குவது நின்றுவிடும், டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் கோளாறு ஓடிவிடும் என்றார். மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று. இரண்டும் அலமாரியில் தூங்குகின்றன. டிஸ்லெக்ஸியா கண்ணில் இல்லை, ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் இடத்தில் இருக்கிறது என்று பிறகு வந்த எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்தான் சொன்னார். கண்ணும் காதும் சோதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை முதலில் செய்து முடியுங்கள், சாதாரணப் பவர் கண்ணாடி தேவைப்படலாம். கலருக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட் 18 பக்கம். ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல துண்டு போயிற்று. பெருமையாகப் பள்ளியில் கொண்டு போய்க் கொடுத்தேன். டிராயரில் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால், ‘எஸ்.என்.ஏ எதுவும் எங்களிடம் இல்லையே, குழுவுக்கு வரவேயில்லையே’ என்றார்கள். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஆகவே முதலில் பள்ளி ஃபார்ம். அது நகரும்போது தேவைப்பட்டால் வெளி ரிப்போர்ட்டை அதில் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் பார்க்கப் போகும் சைக்காலஜிஸ்ட், மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ மன்றத்தில் பதிவானவர்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவளுக்குத் தேர்வில் மணிக்கு 15 நிமிடம் கூடுதல் நேரம். தனி அறை, கேள்வியை வாசித்துக் காட்ட ஒருவர். மெட்ரிக்கிலும், அதாவது கிரேடு 12 இறுதித் தேர்விலும், இதெல்லாம் கேட்கலாம். ஆனால் கடைசி வருடம் திடீரென்று போய்க் கேட்டால் கஷ்டம். பள்ளியில் முன்பிருந்தே இந்த உதவி தேவைப்பட்டதா, பயன்படுத்தினாளா என்று பார்க்கிறார்கள். அந்தச் சான்று கிரேடு 7, 8-இலிருந்து சேர வேண்டும். மாமா சொன்ன ஆறு மாதம் இதில்தான் கரைந்து போகும்.

லினக்ஸ்_மாமா | புதன், இரவு 9.20

சரி, சரி, எல்லோரும் என் மேலேயே பாய்கிறீர்கள். ஒரு கேள்வி நியாயமாகத்தான் கேட்கிறேன். பையன் வந்து இரண்டரை வருடம்தான். இது மொழிப் பிரச்சினையா, வாசிப்புக் கோளாறா என்று எப்படித் தெரியும்? இங்கே சோதிப்பதெல்லாம் இங்கிலீஷில்தானே?

லெனேசியா_தமிழ்வகுப்பு | வியாழன், மதியம் 1.05

மாமா கேட்டது நல்ல கேள்வி, இந்த இழையிலேயே அதுதான் முக்கியமான கேள்வி என்பேன்.

பையன் கோவையில் நான்காவது வரை தமிழ் படித்திருப்பான் அல்லவா? தமிழில் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள் அக்கா. இங்கிலீஷ் வாசிப்பு மட்டும் தகராறு, தமிழ் சரளம் என்றால் பெரும்பாலும் பழக்கக் குறைவுதான், நாள்பட வரும். இரண்டிலும் சிக்கல் என்றால் கதை வேறு.

ஒரு எச்சரிக்கை. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஓரளவு நேரானது. இங்கிலீஷில் போல ஒரே எழுத்துக்கூட்டு ஐந்து விதமாக ஒலிக்காது. அதனால் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகூடத் தமிழில் அதிகம் தப்பு விடாமல் வாசித்துவிடும். வேகத்தில்தான் மாட்டும். எழுத்து எழுத்தாக உருட்டுவான், வரி முடியும்போது வரியின் தொடக்கம் மறந்திருக்கும். ஆகவே எத்தனை தப்பு என்று எண்ணாதீர்கள். ஒரு பத்தியை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, முடித்ததும் என்ன வாசித்தான் என்று சொல்ல முடிகிறதா, அதைப் பாருங்கள்.

எழுதச் சொல்லும்போது கொம்பைக் கவனியுங்கள். ‘கொ’ என்று காதில் விழுவதோ ககரம் முதலில், எழுதுவதோ கொம்பு முதலில். அந்த இடத்தில் கை நிற்கிறதா பாருங்கள். என் சனிக்கிழமை வகுப்பில் இரண்டு பிள்ளைகளை அந்த ஒரு இடத்தை வைத்துத்தான் கவனிக்க ஆரம்பித்தேன். ல, ள, ழ குழப்பத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதை நம்மில் பாதிப் பேர் இன்னும் தாண்டவில்லை.

மிட்ராண்ட்_அம்மா | வெள்ளி, இரவு 9.50

நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். அவனுடைய பழைய மூன்றாம் வகுப்புப் புத்தகம் பெட்டியடியில் கிடந்தது, அதிலிருந்து ஆறு வரி. நான்கு நிமிடம் எடுத்தான். இரண்டே இடத்தில்தான் தப்பு. முடித்ததும் ‘எதைப் பற்றிடா?’ என்றேன். ‘ஏதோ ஒரு மாடு’ என்றான். மாடு முதல் வரியில் மட்டும்தான் வருகிறது, மீதி முழுக்கச் சந்தையைப் பற்றி. அதையே நான் வாசித்துக் காட்டினேன். தேங்காய் என்ன விலை என்பது வரை திருப்பிச் சொன்னான்.

அப்புறம் ‘கொடி, தேர், பொம்மை’ எழுதச் சொன்னேன். மூன்றிலும் முதலில் க, த, ப என்றுதான் எழுதினான். பிறகு பென்சிலைத் தூக்கி இடது பக்கம் கொண்டு வந்து, இருக்கிற இடுக்கில் கொம்பைச் செருகினான். பொம்மைக்கு இடமே இல்லை, கொம்பு மார்ஜின் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. இரண்டாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான் எழுதுகிறான். கையெழுத்து மோசம் என்று அவனைக் கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. காலையில் ஃபார்மை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆஃப்ரிகான்ஸ் 22 தான் இப்போது தலைவலி. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழி விலக்கு உண்டு என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் சொன்னார். கேட்கலாமா?

சாட்ஸ்வொர்த்_டீச்சர் | சனி, காலை 7.40

அந்தச் சலுகையை எல்லோரும் தப்பாகவே சொல்கிறார்கள். மெட்ரிக் விதியில் குடியேறிய மாணவர் என்பது இந்நாட்டுப் பள்ளியில் முதன்முதலாக கிரேடு 7-இலோ அதற்கு மேலோ சேர்ந்தவர். உங்கள் பையன் கிரேடு 5-இல் சேர்ந்துவிட்டான். இரண்டு வருடம் பிந்தி வந்திருந்தால் கிடைத்திருக்கும்.

வேறு வழி உண்டு. டிஸ்லெக்ஸியா என்று உறுதியானால், மெட்ரிக்குக்கு ஒரு மொழியை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்க விதி இடம் தருகிறது. டிஸ்கல்குலியா, அதாவது எண்களில் தடுமாறும் கோளாறு, உறுதியானவர்களுக்குக் கணக்கிலும் அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. இரண்டுமே விண்ணப்பித்து, சான்று காட்டி வாங்க வேண்டியவை. அதற்கும் அடித்தளம் இதே ஃபைல்தான்.

ஆனால் இந்த வருடம் ஆஃப்ரிகான்ஸ் எழுதித்தான் ஆக வேண்டும். தேற 40 தேவை. குழுவில் உட்காரும்போது, ‘வாய்மொழி மார்க்கை அவன் நன்றாக வாங்க முடியும், அதில் உதவுங்கள், வாசிப்புப் பத்தியை முந்தின நாளே கொடுங்கள்’ என்று கேளுங்கள். முந்தின நாள் கொடுப்பதற்குப் பள்ளிக்கு ஒரு சல்லிக் காசு செலவில்லை, ஆனாலும் கேட்டால்தான் செய்வார்கள்.

கூட்டத்துக்குப் போகும்போது ‘உதவி வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பீன்ஸ் கதையைச் சொல்லுங்கள். அந்த மார்ஜின் கொம்புத் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒன்பது பாடத்தின் கேள்வித்தாளையும் வாசித்துக் காட்ட ஆள் இல்லை என்பார்கள். ‘சயின்ஸும் சோஷியலும் மட்டுமாவது செய்யுங்கள்’ என்று பிடித்து நில்லுங்கள். திட்டம் எழுதியதும் யார் செய்வார், வாரம் எத்தனை முறை, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம், மூன்றும் அதில் இருக்கிறதா பாருங்கள். ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். தேதி இல்லாத திட்டங்கள் எத்தனை எங்கள் அலமாரியில் கிடந்தன என்று சொன்னால் எனக்கே வெட்கம்.

ஒருவேளை இந்த வருடம் தேறாவிட்டாலும் அதிர வேண்டாம். கிரேடு 7 முதல் 9 வரை ஒரு கட்டம், அந்தக் கட்டத்தில் ஒரு முறைதான் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு முறை நின்ற பிள்ளையை அடுத்த முறை தேறினாலும் தேறாவிட்டாலும் மேலே ஏற்றிவிடுவார்கள், அடியில் ஓட்டை அப்படியே இருக்கும். கிரேடு 9-இல் திடீரென்று கண்விழிப்பவர்கள் பெரும்பாலும் இப்படி ஏற்றிவிடப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர்கள்தான்.

லினக்ஸ்_மாமா | சனி, காலை 11.30

கொம்பு விஷயம் படித்ததும் கொஞ்சம் ஆடிப்போனேன். என் தம்பி இப்படித்தான் எழுதுவான். அப்பா பெல்ட்டால் அடிப்பார். அவன் பத்தாவதோடு நின்றுவிட்டான்.

ட்யூஷன் பற்றிய என் கருத்தை முழுக்க வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அதே பாடத்தை இன்னொரு முறை வேகமாகச் சொல்கிற ட்யூஷனால் இவனுக்குப் பிரயோஜனம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? கணக்குக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிரிட்டோரியா_அப்பா | சனி, மாலை 5.15

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் ரெமெடியல் டீச்சர், அதாவது கற்றலில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுப்பவர், இங்கிலீஷ் ஒலிகளை முதலிலிருந்து, ஒழுங்கு வரிசையில், கையால் எழுதி வாயால் சொல்லிப் பழக்கினார். வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம். 12 வயதுப் பெண்ணுக்கு அது குழந்தைப் பாடம் போல இருந்தது, முதல் மாதம் முழுக்கச் சண்டை. சாப்பாட்டு மேஜையில் ராத்திரி பத்து நிமிடம் நானும் அவளும் ஒரே பக்கத்தைச் சேர்ந்து வாசிப்போம், திருத்தம் சொல்லாமல். சோஷியல் பாடத்தை ஃபோன் வாசிக்க, அவள் காதில் மாட்டிக்கொண்டு கண்ணால் கூடவே போவாள். ஆகவே மாமா, ஃபோனைப் பிடுங்காதீர்கள்.

கணக்குக்கு முதலில் ஒரு சோதனை. வாக்கியக் கணக்கை நீங்கள் வாசித்துக் காட்டினால் போடுகிறானா? போட்டால் பிரச்சினை கணக்கில் இல்லை, வாசிப்பில். வாசித்தும் வரவில்லை என்றால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். எண்கள் வரிசை மாறிச் சரிந்தால் கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு எண்.

வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. குறைபாட்டை உறுதிசெய்து டாக்டர் நிரப்பும் ஐ.டி.ஆர்-டி.டி என்ற ஃபார்ம், வரித்துறையான சார்ஸின் தளத்தில் இருக்கிறது. தகுதி இருந்தால் ரெமெடியல் செலவில் ஒரு பகுதிக்கு மருத்துவ வரிச் சலுகை வரும். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், உங்கள் கணக்கரிடம் கேளுங்கள்.

பைன்டவுன்_67 | ஞாயிறு, காலை 8.00

ரெமெடியல் டீச்சருக்கு வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? எங்கள் பக்கத்துப் பள்ளியில் ஒரு வகுப்பில் 45 பிள்ளைகள். டீச்சர் எஸ்.என்.ஏ எழுத எங்கே நேரம்?

சாட்ஸ்வொர்த்_டீச்சர் | ஞாயிறு, மாலை 3.25

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை தம்பி. 45 பேர் வகுப்பில் நானும் நின்றிருக்கிறேன். பெற்றோரே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ‘இதை எஸ்.என்.ஏ 1-க்கான என் கோரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கொடுத்தால் நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வாயால் கேட்டவர்களுக்கு நகரவில்லை.

நம் முன்னோர் கரும்புத் தோட்டத்துக் கூலியில் காசு சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டினவர்கள். அரசு பாதி கொடுத்தால் மீதியைச் சமூகமே போட்டது. டர்பன் சாஸ்திரி கல்லூரிக்கும் நம் சனங்கள்தான் பணம் திரட்டினார்கள். இன்று கோவில் மண்டபங்கள் சனிக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கின்றன. ஓய்வு பெற்ற டீச்சர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் வீட்டில் சும்மா டிவி பார்க்கிறோம். யாராவது கதவைத் திறந்துவிட்டால் வருவோம். இதைத் தனி இழையாகப் போடுகிறேன், இங்கே மிட்ராண்ட் மகளின் கேள்வி மறைந்துவிடக் கூடாது.

மிட்ராண்ட்_அம்மா | மூன்று வாரம் கழித்து, வியாழன், இரவு 10.05

கூட்டம் முடிந்தது. கொம்புத் தாளைக் காட்டினேன். தமிழ் தெரியாத மூன்று பேர் அதைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார்கள், நான் விரலால் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். எஸ்.என்.ஏ 2 திறந்தாயிற்று. சயின்ஸுக்கும் சோஷியலுக்கும் வாசித்துக் காட்ட ஒரு டீச்சர், தேர்வில் கூடுதல் நேரம், ஆஃப்ரிகான்ஸ் பத்தி முந்தின நாள். மறுபடி பார்க்கும் தேதி டேர்மின் கடைசி வெள்ளி. ஒன்பது பாடத்துக்கும் கேட்டேன், கிடைக்கவில்லை. பிரதி வாங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை சயின்ஸ் டெஸ்டில் 50-க்கு 36. ஆஃப்ரிகான்ஸில் இன்னும் 30-ஐத் தாண்டவில்லை.

தாத்தாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. போன ஞாயிறு இவனாகவே ஃபோன் முன்னால் போய் உட்கார்ந்து, ‘தாத்தா, நீங்க வாசிங்க, நான் கேள்வி கேக்கறேன்’ என்றான். அவர் பெருமையாக அரைப் பக்கம் வாசித்தார். இவன் கேட்ட மூன்றாவது கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை, மறுபடி தேடிப் படித்தார்.

டீச்சரம்மா, ஒரு சந்தேகம். ஹை ஸ்கூல் அட்மிஷன் ஃபார்மில் ‘கற்றல் தடைகள் ஏதேனும்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதலாமா, சேர்ந்த பிறகு சொன்னால் போதுமா?

சாட்ஸ்வொர்த்_டீச்சர் | வெள்ளி, காலை 6.15

எழுதுங்கள். அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி உங்களைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எஸ்.என்.ஏ 2 பிரதியைப் பின் போட்டு இணையுங்கள், ஒரிஜினல் வேண்டாம்.